வைகாசி 13, ஆடி 27

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் முருகன் படத்துச் சட்டத்தின் ஓரமாகத் தினசரி காலண்டர் தாள்கள் இரண்டு செருகியிருக்கும். ஒன்று வைகாசி 13, என் மகள் பிறந்த நாள். மற்றது ஆடி 27, அவள் பிறந்திருக்க வேண்டிய நாள். கிழித்துச் செருகியவர் என் மாமனார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரண்டு தாளுக்கும் நடுவே 77 நாள், அதாவது 11 வாரம். அந்த 11 வாரத்தை அவள் வயதிலிருந்து எங்கே கழிக்க வேண்டும், எங்கே கழிக்கவே கூடாது என்று எனக்குப் புரிய வெகுநாள் பிடித்தது. புரியாததால் இரண்டு மாதத்தை இழந்தேன். குறைமாசக் குழந்தையைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் வேறொரு அம்மாவுக்காவது அந்த இரண்டு மாதம் மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். 29-ஆவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது கவுண்டரில் உட்கார்ந்தபடியே பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பிறகு குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பு என்று மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீயாய்க் காந்தியது. "தாங்கிக்கோம்மா, இது உனக்கில்ல, பாப்பாவுக்கு" என்றார் நர்ஸ். இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். பிறந்தபோது எடை 1,140 கிராம்.

செய்தி கேட்டு வந்த உறவினர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஏழாம் மாசக் குழந்தை தங்கிடும், எட்டாம் மாசம்தான் தங்காது." ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள் என்று அப்போது கேட்டுக்கொண்டேன். ஆனால் அது தவறு, அதுவும் தலைகீழான தவறு. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 37 வாரம் நிறையாமல் பிறந்தால் குறைமாசம். 32 வாரத்துக்கு முன் பிறந்தால் மிகக் குறைமாசம். 28-க்கும் கீழே போனால் இன்னும் கடினம். எட்டாம் மாசத்தில் வலி வந்த யாராவது அந்தப் பழைய பேச்சைக் கேட்டு மனம் உடைந்துவிடக் கூடாது.

52 நாள் என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அதையெல்லாம் எழுதப் போனால் முடிவே இருக்காது. பின்னால் வரப்போவதோடு தொடர்புள்ள மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கங்காரு. 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரத்து அரசு மகப்பேறு மருத்துவமனையில், இன்குபேட்டர் போதாத நிலையில் எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கத் தொடங்கினார். இன்று அது ஏழைக்கான மாற்று வழி என்ற நிலையெல்லாம் போய்விட்டது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்குங்கள் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது. நான் பகலில் வைத்துக்கொண்டேன். என் கணவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு இரவில் வைத்துக்கொண்டார். அவர் மார்பில் கிடக்கும்போது மானிட்டரில் அவள் இதயத்துடிப்பு சீராவதை இருவரும் கண்ணால் பார்த்தோம்.

இரண்டு, கண். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஏறத்தாழ 40 வாரத்தில்தான் முழுதாக வளர்ந்து முடியும். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடலாம். ஆர்.ஓ.பி. என்பார்கள். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் கீழோ பிறந்த குழந்தைகளுக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை கட்டாயம் நடக்க வேண்டும். இன்னும் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. என் மகளுக்கு மூன்றாவது வாரம் பார்த்தார்கள். குழாய்கள் தாமாகவே சரியாகும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வந்தோம். இந்த ஒரு விஷயத்தில் "அடுத்த வாரம் போகலாம்" என்ற பேச்சே வேண்டாம். லேசர் தேவைப்பட்டால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நாள்தான்.

மூன்று, தலை ஸ்கேன். உச்சிக்குழியில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "மூளைல வலப்பக்கம் ரத்தக் கசிவு இருக்கு. பல குழந்தைங்க நல்லாத்தான் வளருவாங்க, ஆனா ஃபாலோ-அப் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அது ஒரே ஒரு வரியாக இருந்தது. அந்த ஃபைலைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். எடுத்துப் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது 1,820 கிராம். குளிப்பாட்ட வந்த பாட்டியம்மாவிடம் கைகால் இழுத்து நீவுவது, மூக்கு ஊதுவது எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சாம்பிராணியும் நிறுத்தினோம். ஆக்சிஜனில் இருந்த நுரையீரலுக்குப் புகை ஆகாது. என் மாமியாருக்கு இது பெரிய வருத்தம். "என் ரெண்டு பிள்ளைங்களும் அந்தப் புகையிலதான் வளந்துச்சு" என்றார். "அத்தை, அவங்க ரெண்டு பேரும் பத்து மாசம் உங்க வயித்துல இருந்தாங்க" என்றேன். அதற்குப்பின் அவரே வாசலில் நின்று பக்கத்து வீட்டுச் சாம்பிராணியைக்கூடத் தடுத்தார்.

தடுப்பூசியில்தான் முதல் குழப்பம். இவ்வளவு சின்ன உடம்பில் ஒன்றரை மாச ஊசியா, பத்து வாரம் தள்ளிப் போடலாமே என்று என் அம்மா கேட்டார். கூடாது. தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. 6, 10, 14 வாரம், எல்லாமே வைகாசி 13-லிருந்து. குறைமாசக் குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து கூடுதல் என்பதால் தள்ளிப்போடுவது எதிர்மறையாக முடியும். ஆனால் திட உணவுக்கு வேறு கணக்கு. ஆறு மாதம் முடிந்ததும் கோயிலில் சோறூட்ட வேண்டும் என்று நாள் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்குக் கழுத்தே சரியாக நிற்கவில்லை. தலை நின்று, தாங்கி உட்காரவைத்தால் உட்கார்ந்து, நம் தட்டைப் பார்த்து வாயைத் திறக்கும்போதுதான் கூழ். எங்களுக்கு அது எட்டாம் மாதத்தில் வந்தது. இரும்புச்சத்து சொட்டு மருந்தும் வைட்டமின் டியும் மட்டும் முதலிலிருந்தே விடாமல் கொடுத்தோம். இரும்புச் சேமிப்பு பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகும். அந்த மூன்று மாதம்தான் இவளுக்குக் கிடைக்கவில்லை.

எந்த மாதத்தில் குழந்தை எதைச் செய்யும் என்ற எதிர்பார்ப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

இதற்கு டாக்டர்கள் பார்ப்பது 'கரெக்டட் ஏஜ்'. திருத்திய வயது. 40 வாரத்திலிருந்து பிறந்த வாரத்தைக் கழிக்க வேண்டும். அந்த மிச்சத்தை இன்றைய வயதிலிருந்து கழிக்க வேண்டும். என் மகளுக்கு 40-இல் 29 போனால் 11 வாரம், ஏறக்குறைய இரண்டரை மாதம். ஆறு மாதக் குழந்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள் வளர்ச்சிக் கணக்கில் மூன்றரை மாதக் குழந்தை. முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது, பேச்சு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு.

தெரிந்திருந்தும் மனசு கேட்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் "எத்தனை மாசம்?" என்பார். "அஞ்சு" என்பேன். குழந்தையை மேலும் கீழும் பார்ப்பார். அந்த ஒரு பார்வை போதும், வீடு வரும் வரை தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் என் கணவர்தான் சொன்னார், "பஸ்ல கேக்குறவங்களுக்கு ரெண்டரைன்னு சொல்லு. ஆடிக் கணக்குல அது உண்மைதானே." அன்றிலிருந்து வெளியாட்களுக்கு ஆடி வயது. டாக்டரிடம் மட்டும் எப்போதும் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "பிறந்து எட்டு மாசம், 29 வாரத்தில் பிறந்தாள்" என்று வாயைத் திறந்ததுமே சொல்லிவிடுங்கள். கூட்ட நேரத்தில் ஃபைலைப் புரட்டிக் கணக்குப் போட அவர்களுக்கு நேரம் இருக்காது.

மாமா தன் வழியில் கணக்கு வைத்திருந்தார். பிள்ளைத்தமிழின் பருவங்கள்தான் அவருக்கு அளவுகோல். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றிக் குழந்தை தலையை நிமிர்த்தி ஆடும். ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து இரு கையும் சேர்த்துக் கொட்டும். ஓராண்டு நிரம்பும்போது வருகை: தளர்நடை. "புலவனும் குழந்தையைப் பாத்துத்தானே எழுதியிருக்கான், இதுவும் சார்ட்தான்மா" என்பார். ஆனால் எல்லாவற்றையும் ஆடி 27-லிருந்து எண்ணுவார். வீட்டில் முதலில் கழிக்கக் கற்றவர் அவர்தான்.

முகம் பார்த்துச் சிரித்தது திருத்திய இரண்டு மாதத்தில். கழுத்து நின்றது நாலில். குப்புற விழுந்தது ஐந்தில். அத்தை கொழுக்கட்டை செய்து தெரு முழுக்கக் கொடுத்தார். எல்லாம் கணக்குப்படி வந்துகொண்டிருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். தவறு அங்கேதான் நடந்தது.

திருத்திய மூன்றரை மாதம் இருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். அவள் இடது கை எப்போதும் மூடியே இருந்தது. கட்டைவிரல் மற்ற நான்கு விரலுக்குள் சிக்கியிருக்கும். குளிப்பாட்டும்போது விரலை விரித்தால் உள்ளங்கை மடிப்பில் வெள்ளையாக அழுக்கும் பால்வாடையும். வலது உள்ளங்கையில் அப்படி இல்லை. தொட்டால் வலது கை பூப்போல விரியும், இடதை ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டினேன். "குறைமாசக் குழந்தை இல்லையா, அப்படித்தான் இருக்கும். ஒரு வயசு வரைக்கும் பாருங்க" என்றார்கள். நான் கேட்க விரும்பிய பதில் அது. சந்தோஷமாக வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்ன மூன்றாம் மாத வளர்ச்சிப் பரிசோதனைக்கும் போகவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் போகிறோம், ஊசியும் போடுகிறோம், எடையும் பார்க்கிறார்களே, அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவை வேறு, வளர்ச்சிப் பரிசோதனை வேறு என்பது எனக்குத் தெரியவில்லை.

பொங்கலன்று கரும்புத் துண்டை நீட்டினால் வலது கையால் வெடுக்கென்று பிடுங்கினாள். இடப்பக்கம் நீட்டினாலும் வலது கை குறுக்கே வந்து பிடித்தது. வீடே சிரித்தது. "இப்பவே சோத்துக்கை எவ்வளவு பலமா இருக்கு பாரு, பீச்சாங்கைப் பழக்கம் வராது" என்றார் என் அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை ஃபோனில் வீடியோ எடுத்தது என் நாத்தனார்.

இன்று அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது வரை சோத்துக்கை, பீச்சாங்கை என்ற வித்தியாசம் தெளிவாக வரக் கூடாது. அதற்கு முன்பே ஒரு கை மட்டும் முந்திக்கொண்டு வந்தால், அந்தக் கைக்குப் பலம் என்று பொருள் கொள்ளக் கூடாது. மற்ற கைக்கு ஏதோ சிரமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் குழந்தைக்கும் இது பொருந்தும், குறைமாசத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

பொங்கல் கழிந்து, கிராமச் சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தபோது தற்செயலாக அந்த வீடியோவைப் பார்த்தார். இரண்டாம் முறை போடச் சொன்னார். பிறகு என்.ஐ.சி.யு. ஃபைலைக் கேட்டார். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, "நாளைக்கே டி.இ.ஐ.சி. போங்கம்மா" என்றார்.

குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்க, அரசு மருத்துவமனைகளில் மாவட்டந்தோறும் இருக்கும் இடையீட்டு மையம் அது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், காது பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ், இலவசமாக. என்.ஐ.சி.யு.வுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து நாங்கள் கடனில் நின்றிருந்த நேரம். இப்படி ஓர் இடம் பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருக்கிறது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

மேசையில் ஒரு சார்ட் இருந்தது. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கியது, இரண்டு வயது வரைக்கும் 17 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பட்டை. குழந்தையின் வயதில் ஸ்கேலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். ஸ்கேலுக்கு இடப்பக்கமாக முழுதும் முடிந்துபோன பட்டைகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். தெரபிஸ்ட் மேடம் ஸ்டீல் ஸ்கேலை முதலில் எட்டு மாதத்தில் வைத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "29 வீக்ஸ்" என்றார் என் கணவர். மேடம் தலையாட்டிவிட்டு ஸ்கேலை அப்படியே இடப்பக்கம் நகர்த்தினார், ஐந்தரைக்கு. ஸ்கேல் காகிதத்தில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடப்பக்கத்தில் அவள் செய்யாதது எதுவும் இல்லை. பொருளைக் கைமாற்றும் பட்டை மட்டும் ஸ்கேலுக்குக் குறுக்கே கிடந்தது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். சார்ட்படி என் மகளுக்குத் தாமதமே இல்லை.

"சார்ட் எப்போன்னுதான் சொல்லும்மா, எப்படின்னு சொல்லாது" என்று ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் பாயைப் போட்டார் மேடம். குழந்தையைப் படுக்கவைத்து அரைமணி நேரம் பார்த்தார். குப்புற விழுகிறாள், ஆனால் ஒரே பக்கமாக மட்டும். குப்புறக் கிடந்து வலது கையை ஊன்றுகிறாள், இடது முழங்கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. உதைக்கும்போது இடது பாதம் கொஞ்சம் விறைத்து நீள்கிறது. ஆறு மாதமாக நான் தினமும் குளிப்பாட்டிய உடம்பு. ஒவ்வொன்றும் என் கண்ணெதிரில்தான் இருந்தது. நான் தேதிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தாமதத்துக்குக் கழிவு உண்டும்மா. ரெண்டு மாசம் லேட்டா உக்காந்தா கழிச்சுக்கலாம். ஆனா ஒரு பக்கமா சாயிறதுக்குக் கழிவு கிடையாது. 29 வாரத்துல பொறந்தாலும் 40 வாரத்துல பொறந்தாலும் ரெண்டு கையும் ஒண்ணாத்தான் வரணும்."

இதே வரிசையில் வேறு சிலவும் இருக்கின்றன. திருத்திய மூன்று மாதத்துக்குப் பிறகும் கை இறுக மூடியே இருப்பது, நாலு மாதத்தில் கழுத்து துணியாய்த் தொங்குவது, தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, வில்லாய்ப் பின்னால் வளைவது, மூன்று மாதமாகியும் முகத்தைப் பார்க்காமலும் சத்தத்துக்கு எந்த அசைவும் காட்டாமலும் இருப்பது, செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிடுவது. இவற்றில் எதற்கும் "குறைமாசம்தானே" என்பது பதிலாகாது. யார் சொன்னாலும் சரி, இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

மூளை ஸ்கேனெல்லாம் முடிந்து டாக்டர் பெயரைச் சொன்னார். செரிப்ரல் பால்சி, இடப்பக்க ஹெமிபிளீஜியா, அதாவது இடது கைகாலை மட்டும் பாதிப்பது, லேசானது. அரசுப் படிவத்தில் தமிழில் 'மூளை முடக்குவாதம்' என்று இருக்கும். அந்தச் சொல்லைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அது முடங்கிய மூளையைக் குறிக்கும் பெயரே இல்லை. அசைவை இயக்கும் பகுதியில் ஒரு காயம், அது பரவாது, வளராது, அவ்வளவுதான். என் மகளுக்குப் பேச்சிலும் புத்தியிலும் இதுவரை ஒரு குறையும் இல்லை. வேறு பெற்றோர் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 29 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை. வருகிறவர்களுக்கும் திருத்திய ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு வயது வரை காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. பிஞ்சு மூளை புது வழி போட்டுக்கொள்ளும் காலம் அதுதான்.

பயிற்சி எளிமையாகத்தான் இருந்தது, விடாமல் செய்வதுதான் கடினம். நல்ல கையை மூடிவிட்டு மற்றக் கையை விளையாட அழைக்க வேண்டும். தினம் அரைமணி, வாரம் ஆறு நாள், ஆறு வாரம். பிறகு ஆறு வாரம் ஓய்வு. மறுபடி ஆறு வாரம். என் கணவரின் பழைய பனியனில் அத்தை ஒரு சின்னக் கையுறை தைத்தார். முதல் வாரம் முழுக்க அழுகைதான். கிலுகிலுப்பை, ஸ்பூன், மணி எதற்கும் இடது விரல் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் சாப்பாட்டுக்கு நறுக்கிய வாழை இலையில் ஈர ஓரத் துண்டு ஒன்று பாயில் விழுந்தது. அது அவள் இடது கையில் ஒட்டியது. குளிர்ச்சியோ சரசரப்போ, என்ன பிடித்ததோ, தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் முதலில் நிமிர்ந்தது. பிறகு மோதிர விரல். கட்டைவிரல் உள்ளேயேதான் இருந்தது. அந்த விரல்களால் இலையைச் சுரண்டி இழுத்தாள். நாங்கள் மூச்சுவிடவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் வாழை இலை வாங்காத நாள் இல்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தக் குழந்தைகள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். விக்கல், கொட்டாவி, விரல்களை விறைப்பாக விரிப்பது, முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வது, இவையெல்லாம் "போதும், நிறுத்து" என்ற பேச்சு. பயிற்சி நேரம் முடியவில்லையே என்று தொடர்ந்தால் அடுத்த நாள் பாயைப் பார்த்ததுமே அழுவார்கள். அதேபோல வாக்கர் வாங்காதீர்கள். எங்களுக்கு மூன்று பேர் பரிசளித்தார்கள். சக்கரம் வைத்து உட்காரவைத்து ஓட்டும் அந்த வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. கால் விரல் நுனியில் நிற்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். குழந்தைகள் படியில் உருண்டு காயம்பட்டதால் கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். குறைமாசக் குழந்தைகள் சிலருக்கு முதுகும் காலும் ஏற்கெனவே கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அவர்களுக்கு வேண்டியது தரை. விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பக்கத்தில் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க.

சப்பாணிப் பருவம் ஆடிக் கணக்கில் வந்து கடந்தது. உட்கார்ந்தாள், ஆனால் கை கொட்டவில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தான் மட்டும் கை கொட்டிப் பாடுவார். திருத்திய பதின்மூன்றாம் மாதம் ஒருநாள் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உள்ளங்கையும் உள்ளங்கையும் மோதும் சத்தமாக இல்லை. விரிந்த வலது கை, பாதி மூடிய இடது முட்டியில் படும் மொத்தென்ற சத்தம். எட்டிப் பார்த்தேன். மாமா பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

நடந்தது திருத்திய 18-ஆம் மாதத்தில். நாலு காலில் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து போவாள். இடது காலுக்குக் கணுக்காலைத் தாங்கும் ஸ்ப்ளின்ட் போட்டு, செருப்புக் கடையில் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்க வேண்டியிருந்தது. இரண்டு வயதில் "தண்ணி தா", "தாத்தா வா" என்று இரண்டு சொல் சேர்த்தாள். அத்தோடு கழிக்கும் கணக்கு முடிந்தது என்றார் டாக்டர். ஃபாலோ-அப் முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். மிகக் குறைமாசத்தில் பிறந்த சிலருக்குக் கவனம் நிலைப்பது, எழுதுவது, கணக்கு போன்றவற்றில் சிரமம் பள்ளிக்குப் போனபிறகுதான் தெரியவரும். அதனால் ஃபைல் இப்போது பீரோவில் இல்லை, கூடத்து அலமாரியில் கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும் முன்தினம் இரண்டு நிமிட வீடியோ எடுத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் அழுகிற குழந்தை வீட்டில் செய்வதைச் செய்து காட்டாது.

பள்ளியில் மறுபடியும் இரண்டு தாளும் குறுக்கே வந்தன. எல்கேஜி வயதுக்கு இங்கே ஜூலை 31-ஐ வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வைகாசி 13 என்றால் மே 27, மூன்று வயது முடிந்த வருஷமே சேரலாம். ஆடி 27 என்றால் ஆகஸ்ட் 12, அடுத்த வருஷம்தான். சேர்க்கைப் படிவத்தில் திருத்திய வயதுக்குக் கட்டம் கிடையாது. ஒரு வருஷம் வீணாகிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் ஆடித் தாளின்படி நடந்தோம். பட்டன் போட, டப்பா திறக்க, படியேற அவளுக்கு அந்த ஒரு வருஷம் தேவைப்பட்டது. எல்லாருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளிம்பில் பிறந்த குழந்தையென்றால் ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். ஒருமுறை சேர்த்துவிட்டால் பின்னே எடுப்பது கஷ்டம்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. ஆடி 27 அன்று அத்தை வருஷாவருஷம் பூரணக் கொழுக்கட்டை செய்வார். இந்த முறை தானும் செய்வேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். சொப்பு பிடிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது உள்ளங்கையில் மாவு உருண்டையை ஏந்தி, வலது கட்டைவிரலால் குழித்துக்கொண்டே சுற்ற வேண்டும். அத்தை அவள் இடது கையில் நல்லெண்ணெய் தடவிவிட்டு உருண்டையை வைத்தார். விரல்கள் ஒருகணம் மூடப் பார்த்தன. அவளே வலது கையால் ஒவ்வொன்றாக விரித்துவிட்டுக் குழிக்க ஆரம்பித்தாள். சொப்பு ஒருபக்கமாகச் சாய்ந்துதான் வந்தது. ஏழு செய்தாள். ஆவியில் இரண்டு வெடித்துப் பூரணம் வழிந்தது. அந்த இரண்டையும் தாத்தாவுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, மீதி ஐந்தைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள்.